விரல் நீள யாத்ரீகர்கள்

நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் முதன் முதலாக வெளியூருக்குத் தனியே புறப்படுகிறான் என்றால், எத்தனை ஏற்பாடுகள் நடக்கின்றன! நல்ல நாள் பார்க்கிறோம். கட்டுச் சாதம் கட்டிக் கொடுக்கிறோம். போகிற இடத்து விலாசத்தை இரண்டு காகிதங்களில் எழுதி, ஒன்றைப் பெட்டியிலும் மற்றொன்றைச் சட்டைப் பையிலும் வைக்கிறோம். ரயிலடிக்கு வந்து அழைத்துப் போகும்படி உறவினர் ஒருவருக்கும் சொல்லி வைக்கிறோம். இவ்வளவும் செய்த பிறகும், 'சௌக்கியமாய் வந்து சேர்ந்தேன்' என்ற செய்தி கிடைக்கும் வரையில் தாயாருக்குத் தூக்கம் பிடிப்பதில்லை.

கனடா தேசத்தின் மேற்குக் கோடியிலே ஒவ்வொரு வசந்த காலத்திலும் கோடிக்கணக்கான பிள்ளைகள் இத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லாமல் பிரயாணம் புறப்படுகிறார்கள். அவர்களுடைய தாய் தந்தையர், அவர்கள் பிறப்பதற்கு முன்பே இறந்து போனவர்கள். வழி சொல்லக் கூடிய மூத்தோர் ஒருவரும் உடன் வருவதில்லை. போக வேண்டிய தூரமோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். பிரயாணிகள் ஒவ்வொருவரும் நம் கைவிரல் நீளம்தான் இருப்பார்கள். 'ஸால்மன்' என்னும் மீனின் குஞ்சுகளே இந்த யாத்ரீகர்கள்.

பருத்த ஸால்மன் மீன்கள் கடலிலிருந்து நதிக்குத் திரும்பி, அருவிகளை எதிர்த்துத் தாவித் தாவி, தாம் பிறந்த இடத்துக்கே வந்து சேரும் அதிசயத்தை நேயர்களில் பலர் படித்திருப்பார்கள், படங்களிலும் பார்த்திருப்பார்கள். திரும்பி வருவதென்றால் முதலில் போயிருக்க வேண்டும் அல்லவா? அந்தப் போக்கைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. போகிறவை சிறிய மீன்கள், போவது இரவிலே, போய்ச் சேருவது மனிதக் கண்ணுக்கு எட்டாத நடுச் சமுத்திரத்திலே. ஆயினும் திரும்பி வரும் மீனின் தலைவிதி இந்த முதற் பிரயாணத்திலேயே பெரும்பாலும் எழுதப்பட்டு விடுகிறது.

கூழாங்கல் தொட்டில்

ஸால்மன் ஒரே ஜாதி மீன் அன்று. அட்லாண்டிக் சமுத்திரத்தில் ஒரு வகையும், பசிபிக் சமுத்திரத்தில் பல வகைகளும் உண்டு. பசிபிக் வகைகளுள் ஒன்றுக்கு 'ஸாக்கை' என்று பெயர். நாட்டின் பூர்வகுடிகள் வழங்கிய சொல் ஒன்றை வெள்ளையர்கள் தங்கள் நாவுக்கு ஏற்றபடி திரித்துக் கொண்டதால் உண்டான பெயர் இது. இந்த ஸாக்கையின் குஞ்சுகளைத்தான் நாம் இங்கே பின்தொடர்ந்து செல்லப் போகிறோம்.

ராக்கி மலைகளில் உற்பத்தியாகும் பிரேஸர் நதி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் வழியே சுமார் 1,375 கிலோமீட்டர் ஓடி, வான்கூவர் நகரத்தின் அருகே கடலில் கலக்கிறது. அதன் உபநதிகளில் ஒன்று சில்கோட்டின். அதனோடு வந்து சேருவது சில்கோ ஆறு. சில்கோ ஆறு புறப்படும் இடம் அதே பெயருள்ள ஓர் ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், பனி மூடிய சிகரங்களுக்கு நடுவே அந்த ஏரி கிடக்கிறது. அங்கிருந்து கடலுக்கு நதி வழியாக 600 கிலோமீட்டருக்குமேல் போக வேண்டும்.

இலையுதிர் காலத்தில், ஏரி நீர் ஆறாக வெளியேறும் இடத்தருகே, தாய் ஸாக்கை கூழாங்கற்களை வாலால் அடித்து விலக்கிப் பள்ளம் பறிக்கிறது. அதிலே மூவாயிரம் முதல் நாலாயிரம் வரை முட்டையிட்டு, மறுபடியும் கற்களால் மூடுகிறது. சில தினங்களில் தாயும் தந்தையும் இறந்து விடுகின்றன. ஆயுளில் ஒரே ஒரு முறைதான் ஸாக்கை முட்டையிடும்.

குளிர் காலம் முழுவதும் ஆற்றின் மேல் பனிக் காற்று வீசுகிறது. கல்லுக்கு அடியிலோ, இடுக்குகளில் புகுந்து ஓடும் தண்ணீர் முட்டைகளுக்கு உயிர்க் காற்றைக் கொடுத்து வருகிறது. குளிர் காலத்தின் பிற்பகுதியில் குஞ்சு பொரிகிறது. பொரிந்தவுடன் அது வெளியே வருவதில்லை. அதன் வயிற்றின் கீழே மஞ்சள் கரு ஒரு பையாகத் தொங்குகிறது. தாய் கட்டிக் கொடுத்த கட்டுச் சாதம் இது ஒன்றே. அது தீரும் வரையில் கல் இடுக்கிலேயே கிடந்துவிட்டு, வசந்தத்தில் குஞ்சு மேலே வருகிறது.

உடனே அதற்கு ஒரு பரீட்சை காத்திருக்கிறது. அது வளர வேண்டிய இடம் ஏரி. வேறு பல ஊர் ஸாக்கைக் குஞ்சுகள் தாம் பிறந்த ஓடையிலிருந்து நீரோட்டத்தோடு கீழே போனால் ஏரியை அடைந்து விடலாம். சில்கோவிலோ ஏரி மேலே இருக்கிறது. குஞ்சுகள் எதிர்நீச்சல் போட வேண்டும். எந்தக் குஞ்சு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? முட்டைகளை எடுத்துப் பொரிப்பகங்களில் வளர்த்துப் பார்த்தபோதும், அந்தந்தக் குலத்துக் குஞ்சுகள் தத்தம் குலத்துக்குரிய திசையையே நாடின. பாடம் இரத்தத்திலேயே வருகிறது என்று இதனால் தெரிகிறது.

பெரும்பாலான குஞ்சுகள் ஏரியில் ஓராண்டு வாழ்கின்றன. பகலில் ஆழத்து இருட்டில் ஒளிந்திருந்து, அந்தி நேரத்தில் மேலே வந்து, நீரில் மிதக்கும் நுண்ணிய பூச்சிகளைத் தின்று மறுபடியும் இறங்கி விடுகின்றன. வெளிச்சத்தில் அலைகிற குஞ்சு பெரிய மீனின் வாய்க்குப் போகும் என்பது அவற்றுக்குத் தெரிந்தே இருக்கிறது.

வெள்ளிச் சட்டை

அடுத்த வசந்தம் வருகிறது. பகற் பொழுது நீள்கிறது. அந்த வெளிச்சமே குஞ்சின் உடலுக்குள் ஒரு மணியை அடிக்கிறது என்று சொல்லலாம். சுரப்பிகள் புதிய ரசங்களைச் சுரக்கின்றன. குஞ்சின் விலாவில் இதுவரை வரிவரியாகக் கரும் பட்டைகள் இருந்தன. ஏரிக் கரையின் நிழலில் ஒளிவதற்கு அவை உதவின. இப்போது அவற்றை மறைத்துக் கொண்டு வெள்ளி போன்ற ஒரு பளபளப்புத் தோன்றுகிறது. மேலும் கீழும் ஒளி பரவிய திறந்த கடலில் ஒளிவதற்கு இந்த வெள்ளிச் சட்டைதான் தக்க வேஷம். உடல் மெலிந்து நீள்கிறது. இந்தப் பருவத்துக் குஞ்சை ஆங்கிலத்தில் 'ஸ்மோல்ட்' என்கிறார்கள். நாம் 'வெள்ளிக் குஞ்சு' என்று அழைப்போம்.

சட்டை மாற்றுவது எளிது. உள்ளே நடக்கும் மாறுதல்தான் பெரிது. மீனின் இரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆற்று நீரில் உள்ளதைவிட மிக அதிகம். ஆகையால் ஆற்றில் வாழும் மீனின் உடலுக்குள் தண்ணீர் ஓயாமல் புகுந்து கொண்டே இருக்கும். உப்பு வெளியே கசிந்து கொண்டே இருக்கும். ஆற்று மீன் தண்ணீரைக் குடிக்க வேண்டியதில்லை. புகுந்த நீரைச் சிறுநீராக இறைத்துத் தள்ளுவதும், செவுள் வழியாக உப்பைப் பிடித்து வைத்துக் கொள்வதுமே அதன் வேலை. கடலில் எல்லாம் தலைகீழ். அங்கே உடலிலுள்ள நீர் வெளியே போய் விடும். மீன் கடல் நீரைக் குடித்தாக வேண்டும். குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளியாக வேண்டும். தண்ணீருக்கு நடுவிலேயே தாகத்தால் சாகக் கூடிய இடம் கடல்!

வெள்ளிக் குஞ்சின் செவுளில், இந்தப் புது வேலைக்கென்று அணுக்கள், கடலைக் காண்பதற்கு முன்பே, தயாராகின்றன. மலை ஏரியில் நல்ல தண்ணீரில் இருக்கும்போதே உப்புக் கடலுக்கு உடம்பு ஆயத்தமாகிறது. இதற்கு ஒரு தவணையும் உண்டு. தயாராகும் முன் கடலில் விழுந்தால் குஞ்சு பிழைக்காது. தயாரான பின் நதியிலேயே நெடுநாள் தங்க நேர்ந்தால், வந்த திறமை திரும்பவும் மங்கிப் போகும். இந்தத் தவணை விஷயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

இருட்டில் ஒரு ஊர்வலம்

சித்திரை, வைகாசி மாதங்களில், ஏரியின் பனிக்கட்டி உருகிய பிறகு, வெள்ளிக் குஞ்சுகள் ஏரியின் வாயில் திரளுகின்றன. இதுவரையில் ஓட்டத்தை எதிர்த்து நின்ற மீன்கள் இப்போது ஓட்டத்தோடு போகத் துணிகின்றன. சூரியன் மறைந்த பின்புதான் புறப்பாடு. சில்கோ ஆற்றின் மேற்பகுதி கண்ணாடி போலத் தெளிந்தது. அங்கே 'புல் டிரவுட்' என்னும் பெரிய மீன்கள் வாயைத் திறந்து கொண்டு காத்திருக்கின்றன. குஞ்சுகளை வயிறு புடைக்கத் தின்கின்றன.

ஆனால் எத்தனை பெரிய வயிறும் ஓர் இரவில் ஓரளவுதான் கொள்ளும். ஆகவே, குஞ்சுகள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் இரவுகளில் ஆபத்து மிகுதி. பெருங்கூட்டமாகப் போகும் இரவுகளில் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஆபத்துக் குறைவு. சில்கோவில் ஆராய்ச்சி செய்தவர்கள் குஞ்சுகளின் உடலில் நெல்மணி போன்ற சிறு ஒலிக் கருவிகளை வைத்துத் தொடர்ந்து சென்று இதைக் கண்டறிந்தார்கள். கீழே பிரேஸர் நதியின் கலங்கல் நீரை அடைந்தால் அந்தச் சேறே குஞ்சுகளுக்குத் திரையாகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், மலை ஏரியில் புறப்பட்ட கூட்டம் கடலின் வாயை எட்டி விடுகிறது.

மூக்கில் எழுதிய விலாசம்

போகிற குஞ்சு, போகிறபோதே திரும்பி வரும் வழியையும் குறித்துக் கொள்கிறது. எதில் குறித்துக் கொள்கிறது? மூக்கிலே!

இதைக் கண்டுபிடித்தவர் ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் தம் சொந்த நாட்டுப் பகுதியான யூட்டாவில் மலையேறிக் கொண்டிருந்தார். பாறைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத ஓர் அருவியின் பக்கமிருந்து பாசியின் மணமும் பூக்களின் மணமும் கலந்து குளிர்ந்த காற்று வீசியது. அக்கணமே, மறந்து போயிருந்த பால்ய நினைவுகள் பொலபொலவென்று அவர் மனத்தில் எழுந்தன. 'மணம் மனிதனுக்கே இப்படி ஊரை நினைவூட்டுமானால், ஸால்மனுக்கு ஏன் நினைவூட்டாது?' என்ற யோசனை அவருக்கு உண்டாயிற்று. 1951-ல் அவரும் வாரன் விஸ்பி என்பவரும் இந்தக் கருத்தை வெளியிட்டார்கள். பிறகு ஆற்றின் இரண்டு கிளைகளிலிருந்து ஸால்மன் மீன்களைப் பிடித்து, சிலவற்றின் மூக்கை அடைத்து, கிளைகள் பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டு விட்டார்கள். மூக்குத் திறந்திருந்தவை தம் கிளைக்கே திரும்பின. மூக்கு அடைபட்டவை திசை தெரியாமல் கலங்கின.

1970-களில் ஹாஸ்லரும் அவருடைய மாணவர்களும் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இயற்கையில் அந்த நீர்நிலைகளில் இல்லாத ஒரு ரசாயனத்தை, வெள்ளிக் குஞ்சுப் பருவத்து 'கோஹோ' ஸால்மன்கள் இருந்த தொட்டி நீரில் மிகச் சிறிதளவு கலந்து பழக்கினார்கள். பிறகு குஞ்சுகளை மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். அவை பெரியவையாகி முட்டையிடத் திரும்பும் காலத்தில் அதே வாசனையை ஓர் ஓடையில் கலந்தார்கள். பழகிய மீன்கள் அந்த ஓடையையே தேடி வந்து நுழைந்தன.

ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண்ணும் இலையும் பாசியும் கலந்த தனி மணம் உண்டு. ஏரியின் மணம், ஆற்றின் மணம், உபநதி கலந்த பிறகு வரும் மணம் என்று, கீழே இறங்கும் குஞ்சு ஒவ்வொன்றாக நினைவில் கோத்துக் கொண்டே போகிறது. வருஷங்கள் கழித்துத் திரும்பும்போது அந்த மாலையைத் தலைமாற்றிப் பிடித்துக் கொண்டு மேலேறுகிறது.

சமுத்திரத்தில் திசை

நதிக்குக் கரை உண்டு, ஓட்டம் உண்டு. கடலில் இரண்டும் இல்லை. பிரேஸரின் முகத்துவாரத்தை விட்டு வெளியேறிய ஸாக்கைக் குஞ்சுகளில் பெரும்பாலானவை வடக்கே திரும்புகின்றன. வான்கூவர்த் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஜார்ஜியா ஜலசந்தியில் சில வாரங்கள் உண்டு கொழுத்து, ஜான்ஸ்டன் ஜலசந்தி என்னும் குறுகிய வாய்க்கால் வழியே வெளிக் கடலை அடைகின்றன. பிறகு கரையோரமாகவே அலாஸ்காவை நோக்கிச் செல்கின்றன. குளிர் காலம் நெருங்கும்போது கரையை விட்டு அலாஸ்கா வளைகுடாவின் ஆழ்கடலுக்குள் புகுந்து விடுகின்றன.

மணம் அங்கே எட்டாது. பின் எதைக் கொண்டு திசை அறிகின்றன? பூமி முழுவதும் ஒரு காந்தம் என்பதும், அந்தக் காந்தத்தின் பலமும் சாய்வும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதும் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தவை. 1980-ல் தாமஸ் குவின் என்ற விஞ்ஞானி, ஸாக்கைக் குஞ்சுகள் இருந்த தொட்டியைச் சுற்றிக் காந்தத் திசையை 90 பாகை திருப்பினார். குஞ்சுகள் செல்லும் திசையும் மாறியது. 2014-ல் நாதன் புட்மன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த பரிசோதனை இன்னும் வியப்பானது. ஆரிகன் மாகாணத்தில், கடலை ஒரு நாளும் கண்டிராத 'சினூக்' ஸால்மன் குஞ்சுகளை எடுத்துக் கொண்டார்கள். அவற்றின் இனம் உலவும் கடற்பரப்பின் வடகோடியில் எவ்விதக் காந்தப் புலம் இருக்குமோ, அதைக் கம்பிச் சுருள்களால் தொட்டியைச் சுற்றி உண்டாக்கினார்கள். குஞ்சுகள் தெற்கே முகம் திருப்பின. தென்கோடியின் புலத்தை உண்டாக்கினார்கள். குஞ்சுகள் வடக்கே திரும்பின. 'எல்லை தாண்டாதே, உள்ளே வா' என்று யாரோ சொன்னதைக் கேட்டவை போல இருந்தது அது.

பெட்டியிலும் சட்டைப் பையிலும் வைக்காத விலாசம் இதுதான் போலும். பெற்றோரைப் பாராத பிள்ளைக்கு, பெற்றோரிடமிருந்து கிடைத்த சொத்து ஒரு தேசப் படம்!

2007-ல் போனவை எங்கே?

இவ்வளவு திறமை இருந்தும் கடல் இரக்கம் காட்டுவதில்லை. நாலாயிரம் முட்டைகளில் இரண்டு மீன்கள் திரும்பி வந்தால் குலம் குறையாமல் நிற்கும். அந்தக் கணக்கில் சிறிது பிசகினாலும் விளைவு பயங்கரமாகி விடும்.

சில்கோ ஏரியின் வாயில் ஆற்றின் குறுக்கே வேலி அமைத்து, சிறு திறப்பின் வழியே குஞ்சுகளைப் போக விட்டு, படம் எடுத்து எண்ணுகிறார்கள். 2007-ஆம் ஆண்டின் வசந்தத்தில் அங்கே புறப்பட்ட குஞ்சுகள் 7 கோடிக்கும் அதிகம். அதுவரை எண்ணியவற்றுள் அதுவே உச்சம். அவை பெரியவையாகி 2009-ல் திரும்ப வேண்டும். பிரேஸர் நதி முழுவதற்கும் அவ்வாண்டு ஒரு கோடிக்கு மேற்பட்ட ஸாக்கைகள் வரும் என்று அதிகாரிகள் எதிர்பார்த்தார்கள். வலைகளும் படகுகளும் ஆயத்தமாயின. மீன் வரவில்லை. வந்தவை சுமார் 15 லட்சந்தான்.

கனடா சர்க்கார் புரூஸ் கோஹன் என்ற நீதிபதியின் தலைமையில் ஒரு விசாரணைக் கமிஷனை நியமித்தது. அது 2012-ல் 75 சிபாரிசுகள் அடங்கிய அறிக்கையை வெளியிட்டது. ஒரே ஒரு குற்றவாளியைச் சுட்டிக் காட்ட முடியவில்லை என்றார் நீதிபதி. ஆயினும் 2007-ல் குஞ்சுகள் சென்ற வழியில், ஜார்ஜியா ஜலசந்தியிலும் அதற்கு அப்பாலுள்ள குவீன் ஷார்லட் கடற்பகுதியிலும், நிலைமை மோசமாக இருந்ததே 2009-ன் நஷ்டத்துக்கு முக்கியக் காரணமாக இருக்கக் கூடும் என்று கமிஷன் கருதியது. பெற்றோர் குறைவில்லை, முட்டை குறைவில்லை, ஏரியில் இடம் குறைவில்லை. பிரயாணத்தின் முதல் சில மாதங்களிலேயே பிள்ளைகள் மடிந்து போயின.

அதற்கு மறு வருஷம் நடந்ததோ நேர் மாறானது. 2008-ல் கடல் குளிர்ந்து செழிப்பாக இருந்தது. அவ்வாண்டு போன குஞ்சுகள் 2010-ல் திரும்பியபோது சுமார் 3 கோடி ஸாக்கைகள் நதியை நிறைத்தன. அதே நதி, அதே குலம். வேறுபட்டது கடல் மட்டுமே.

முதற் கோடையிலே வேகமாக வளர்ந்து தக்க பருமனை அடையாத குஞ்சுகள் முதற் குளிர்காலத்தைத் தாண்டுவதில்லை என்று ரிச்சர்ட் பீமிஷ் என்ற கனடா விஞ்ஞானி நெடுநாளாகச் சொல்லி வந்தார். குளிர் காலத்து அலாஸ்கா வளைகுடாவிலே சென்று பார்த்தவர்கள் மிகச் சிலர். 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கனடா, அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், கொரியா ஆகிய ஐந்து நாட்டு விஞ்ஞானிகள் ஒரே ரஷ்யக் கப்பலில் ஏறி, புயலடிக்கும் அந்தக் கடலில் வலை வீசி ஆராய்ந்தார்கள். தரையில் ஒத்துப் போகாத தேசங்களையும் ஒரு சிறிய மீன் ஒரே கப்பலில் ஏற்றியது!

நரக வாசல்

கடலின் சீற்றத்தை நாம் தடுக்க முடியாது. ஆனால் மனிதர்களாகிய நாமே செய்த இடையூறுகளும் உண்டு.

பிரேஸர் நதி ஓரிடத்தில் செங்குத்தான மலைகளுக்கு நடுவே மிகக் குறுகிச் சீறிப் பாய்கிறது. அதற்கு 'நரக வாசல்' என்று பெயர். 1913-ல் அங்கே ரயில் பாதை போட்டவர்கள் வெடி வைத்துத் தகர்த்த பாறைகளை நதியிலேயே தள்ளினார்கள். 1914-ல் ஒரு பெரும் சரிவும் விழுந்தது. கடலிலிருந்து திரும்பிய லட்சக்கணக்கான மீன்கள் மேலேற முடியாமல் அங்கேயே முட்டி மோதி மடிந்தன. பூர்வகுடிகள் மீன்களைக் கூடைகளில் சுமந்து தடைக்கு மேலே கொண்டு போய் விட்டார்கள். அப்படிச் செய்தவர்களுக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? மீன் குறைந்து விட்டதென்று கூறி, அவர்கள் தங்கள் உணவுக்காக மீன் பிடிப்பதற்கே கட்டுப்பாடு விதிக்கப்பட்டது! பாறையைத் தள்ளியவர் ஒருவர். பட்டினி கிடந்தவர் வேறொருவர்.

மேலேறாத மீன் முட்டையிடவில்லை. இடாத முட்டை பொரியவில்லை. மலை ஏரிகளிலிருந்து கடலுக்கு யாத்திரை புறப்படப் பிள்ளைகளே இல்லாமற் போயின. நான்கு ஆண்டுகள் கழித்து 1917-ல் மீன் வரவு வீழ்ந்தபோதுதான் சேதத்தின் அளவு வெளியாயிற்று. கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1937-ல் ஒரு பொதுக் கமிஷன் அமைத்தன. அதன் முயற்சியால் 1945, 1946-ஆம் ஆண்டுகளில் நரக வாசலின் இரு கரைகளிலும் மீன் ஏறும் வழிகள் கட்டப்பட்டன. கெடுக்க ஒரு வருஷம். திருத்த முப்பது வருஷம்!

பின்னால் பிரேஸரின் குறுக்கே மின்சார அணைகள் கட்டும் யோசனைகளும் எழுந்தன. மீன்களுக்காகப் பேசியவர்களின் எதிர்ப்பினால் அவை கைவிடப்பட்டன. அந்தப் பெரிய நதியின் பிரதான ஓட்டத்தில் இன்றளவும் ஓர் அணை கூட இல்லை. ஆயினும் கவலை தீர்ந்தபாடில்லை. 2018-ல் 'பிக் பார்' என்ற இடத்தில் மலை சரிந்து, சில்கோ மீன்கள் திரும்பும் வழி அடைபட்டது. பாறைகளைத் தகர்த்தும், மீன்களை ஹெலிகாப்டரில் சுமந்தும் வழி செய்ய வேண்டியதாயிற்று. 2020-ல் பிரேஸருக்குத் திரும்பிய ஸாக்கைகள் மொத்தம் 3 லட்சத்துக்கும் குறைவு. இன்னொரு சங்கடம் கடற்கரையிலேயே இருக்கிறது. குஞ்சுகள் வடக்கே போகும் குறுகிய வழியில் வலைக் கூண்டுகளில் ஸால்மன் வளர்க்கும் பண்ணைகள் பெருகின. அங்கே பெருகும் கடற்பேன் சிறு குஞ்சுகளைப் பற்றிக் கொள்ளுமே என்ற அச்சம் வலுத்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் இந்தத் திறந்த கூண்டுப் பண்ணைகளை 2029-ஆம் ஆண்டு நடுவோடு நிறுத்திவிடுவதாகக் கனடா சர்க்கார் 2024-ல் அறிவித்தது.

படகில் ஏறிய பிள்ளைகள்

பிரேஸருக்குத் தெற்கே, அமெரிக்காவில் ஓடும் கொலம்பியா நதியின் கதை வேறு. அங்கே 1938-ல் பானவில் அணையும், 1942-ல் கிராண்ட் கூலி அணையும், பின்னர் வேறு பல அணைகளும் எழுந்தன. கிராண்ட் கூலி அணையில் மீன் ஏற வழியே வைக்கவில்லை. அதனால் மூழ்கப் போகும் கெட்டில் அருவியின் கரையில், தலைமுறை தலைமுறையாக அங்கே ஸால்மன் பிடித்து வாழ்ந்த பூர்வகுடிகள் 1940-ல் ஒன்று கூடி, அருவியிடம் விடை பெற்றார்கள். அந்தக் கூட்டத்துக்குக் 'கண்ணீர்ச் சடங்கு' என்றே பெயர்.

மற்ற அணைகளில் பெரிய மீன் மேலேறப் படிகள் கட்டினார்கள். கீழே இறங்க வேண்டிய குஞ்சுகளை நினைத்தவர்கள் குறைவு. வேகமாக ஓடிய நதி தேங்கிய ஏரிகளாயிற்று. ஓட்டத்தின் முதுகில் ஏறிச் சில வாரங்களில் கடல் சேர வேண்டிய குஞ்சுகள் தேங்கிய நீரில் தடுமாறின. உப்புக்கு உடல் தயாராகும் தவணையைப் பற்றி மேலே சொன்னோம் அல்லவா? அந்தத் தவணை தவறியது. மின்சார யந்திரங்களின் சக்கரங்களிலும் குஞ்சுகள் அடிபட்டன.

அதிகாரிகள் ஓர் உபாயம் கண்டார்கள். குஞ்சுகளை மேலே பிடித்து, தண்ணீர்த் தொட்டி உள்ள படகுகளில் ஏற்றி, அணைகளைத் தாண்டிக் கீழே கொண்டு விட்டார்கள். கேட்பதற்கு எவ்வளவு நல்ல யோசனை! சக்கரத்தில் அடிபடாமல் பல குஞ்சுகள் தப்பின என்பதும் உண்மையே. ஆனால் அவை பெரியவையாகித் திரும்பியபோது, நதியில் நீந்திப் போனவற்றைவிடப் படகில் போனவை அதிகமாக வழி தவறி, வேறு ஓடைகளில் புகுந்தன. மணங்களை வரிசையாகக் கோத்துக் கொள்ள வேண்டிய பிரயாணத்தைப் படகு குறுக்கி விட்டது. மாலையில் நடுவே மணிகள் இல்லை. வழிதான் பாடம், வழியை நீக்கிவிட்டு ஊரை மட்டும் காட்டினால் பிள்ளை படித்தவனாகி விடுவதில்லை.

இதை உணர்ந்ததனால்தான் சில இடங்களில் அணைகளையே இடிக்கத் துணிந்தார்கள். வாஷிங்டன் மாகாணத்தில் எல்வா நதியின் இரண்டு அணைகள் 2011 முதல் 2014 வரை இடிக்கப்பட்டன. கலிபோர்னியா, ஆரிகன் மாகாணங்களில் ஓடும் கிளாமத் நதியின் நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-ல் முடிந்தது. யூரோக், காரூக் முதலிய பூர்வகுடிகள் பல்லாண்டு போராடிப் பெற்ற வெற்றி அது. வேலை முடிந்த சில வாரங்களுக்குள், நூறாண்டுகளாக ஸால்மன் காணாத மேல்நதியிலே ஸால்மன்கள் தென்பட்டன.

திரும்பி வரும் மீன் கொண்டு வருவது தன் உடலை மட்டுமல்ல. கடலில் தின்று சேர்த்த சத்தையெல்லாம் அது மலைக்குச் சுமந்து வருகிறது. கரடி அதைப் பிடித்துக் காட்டுக்குள் இழுத்துச் செல்கிறது. எச்சம் மண்ணில் மட்கி மரமாகிறது. ஸால்மன் ஏறும் ஓடைகளின் கரையிலுள்ள மரங்களில் கடலிலிருந்து வந்த சத்தை விஞ்ஞானிகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். விரல் நீளத்தில் போன பிள்ளை, ஒரு காட்டுக்கே சம்பாதித்துக் கொண்டு வருகிறான் என்று சொன்னால் மிகையாகாது.

அந்த நதிக் கரைகளில் வாழும் பூர்வகுடிகள் பலரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆண்டின் முதல் ஸால்மனை விருந்தாளியாக வரவேற்று, மரியாதையுடன் சமைத்து, எல்லோரும் பகிர்ந்து உண்டு, எலும்புகளைச் சிதறாமல் எடுத்து மறுபடியும் நதியிலேயே விடுகிறார்கள். மீன் தன் உறவினரிடம் போய் நம்மைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அணைகளும் கணக்குகளும் கமிஷன்களும் கண்டு, நூறாண்டுக்குப் பின் நாகரிக உலகம் வந்து சேர்ந்திருக்கும் முடிவும் ஏறத்தாழ அதுவே. குஞ்சுகளுக்குக் கடலைக் கற்பிக்க நம்மால் ஆகாது. வழியைக் காட்டவும் ஆகாது. அவை அறிந்த வழியை அடைக்காமல் இருக்க நம்மால் ஆகும். அதை மட்டும் செய்தாலே, அவை சொல்லும் வார்த்தை நல்ல வார்த்தையாக இருக்கும்.